ஆபீசர் வந்தால் பாடும் பாட்டு

தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடுவார்கள் என்று முதலில் எழுதி வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. அவரை ஒரு நாள், தலையில் கயிறு மாட்டிய கூடையோடு மழையில் நிறுத்தியிருக்க வேண்டும்.

நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டில் ஒன்பது வயதில் நானும் அம்மாவோடு பறித்தேன். எங்களுக்குத் தெரிந்த வேலைப்பாட்டு ஒன்றே ஒன்றுதான். லேபர் ஆபீசரின் ஜீப் வளைவில் தெரிந்ததும் மேல் வரிசையில் நிற்பவர்கள் தாலாட்டை எடுப்பார்கள். "பனி விழுது தங்கமே, தலையைத் தூக்காதே." காதில் விழுந்த நொடியே பிள்ளைகள் தேயிலைச் செடிக்கு அடியில் நுழைந்துவிட வேண்டும். அட்டை கடித்தாலும் வாய் திறக்கக் கூடாது. தோட்டத்தில் பட்டப்பகலில் யாருக்குத் தாலாட்டு என்று எந்த ஆபீசரும் கேட்டதில்லை. நன்றாகப் பாடுகிறார்கள் என்று மேஸ்திரியிடம் மெச்சிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

போன மாதம், பழைய துரை பங்களாவை ரிசார்ட் ஆக்கியிருக்கும் கோயமுத்தூர்க்காரர் வீடு தேடி வந்தார். "ஏனுங்க, பழைய தாலாட்டு ஒண்ணு பாடுவீங்களாமா? வெள்ளிக்கிழமை வாங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார். மைக்கில் பாடும் ஆசை எனக்கும் இருந்தது, பொய் சொல்வானேன். மகளுக்குப் பள்ளியில் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

மேடை ஏறி "பனி விழுது தங்கமே" பாட ஆரம்பித்த பிறகுதான் பார்த்தேன். பத்து வயது மகளின் தலையில் கூடையை மாட்டி, விருந்தாளிகள் படமெடுக்க வாசலில் நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர், தொழிலாளர் துறை அதிகாரியாம். பாட்டுக்குத் தலையாட்டி, இன்னொரு முறை பாடச் சொன்னார். பாடினேன். மகளோ ஒளியத் தெரியாமல் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்து கூடையைக் கழற்றினேன். நெற்றியில் கயிறு சிவப்பாகப் பதிந்திருந்தது.

ரிசார்ட் முதலாளி ஓடி வந்தார். "பாப்பா சூப்பருங்க! இனி வாராவாரம் வெள்ளிக்கிழமை அனுப்பிடுங்க. ஸ்கூல்ல நான் பேசிக்கறேன்."

"அதுக்கென்ன வேலைக்குப் போற வயசாங்க?"

"வேலைன்னு யாருங்க சொன்னது? இது கல்ச்சருங்க."

"உங்க பொண்ணு எங்கங்க படிக்குது?"

"ஊட்டியிலங்க, ஹாஸ்டல்ல" என்றார் பெருமையாக.

கூடையை அவர் கையில் கொடுத்தேன். "அடுத்த வெள்ளிக்கிழமை அதுக்கு மாட்டுங்க."