அண்ணி போட்ட மெட்டு

என் அண்ணிக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. மெஷினின் தடதடப்புக்கு ஏற்ப வாய்க்குள்ளேயே ஏதாவது மெட்டை முணுமுணுத்துக்கொண்டு நிற்பார். நாற்பத்தைந்து வயதில், நூலகத்து மாடியில் கம்ப்யூட்டரில் இசை அமைக்கச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் பிளம்பர், சரியான ஊமைக்கோட்டான். "இந்த வயசுல இது தேவையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அதோடு சரி. அண்ணி சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தால், எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

அண்ணி பேக்கிங் மெஷினின் சத்தத்தை போனில் பதிந்து வந்து, துண்டு துண்டாக வெட்டித் தாளமாக்கினார். அதன்மேல் சின்ன கீபோர்டில் ஒரு மெட்டு. தாளம் தப்பாமலிருக்கக் கூடவே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் ஓடும். அது வாசிப்பவரின் ஹெட்போனுக்கு மட்டும்தான், ஸ்பீக்கரில் வராது. இதை எனக்குப் புரியவைப்பதற்குள் அண்ணிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வகுப்பு முடிவில் எல்லோரும் மேடையில் வாசிக்க வேண்டுமாம்.

"உங்க அண்ணன் ஒரு தடவை முழுசா கேட்டா போதும்பா. நல்லா இல்லைன்னு சொன்னாலும் பரவாயில்ல, கேட்டுட்டுச் சொல்லட்டும்," என்றார் அண்ணி.

எனக்கு அண்ணன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். கடைசி வரிசையில் கடனே என்று உட்கார்ந்தார்.

அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். ஏதோ தெரிந்தவன் போல நானும் ஆட்டினேன். அண்ணன் மட்டும் நெளிந்தார். திடீரென்று எழுந்து நின்றார். மானத்தை வாங்கப்போகிறார் என்று பயந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

அதைப் பார்த்த அண்ணி வாசிப்பதை நிறுத்தி ஹெட்போனைக் கழற்றினார். "என்னங்க?"

"டிக் டிக்னு ஒண்ணு வருது. வீட்டுல நீ வாசிக்கிறப்ப அது கிடையாதே! அந்த மெட்டு ரெண்டாவது தடவை மேல ஏறுற இடம் இருக்குல்ல, அதையே கெடுக்குது. குழாயை எதுலயோ மாத்தி மாட்டிட்ட போல, பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி குனிந்து பார்த்தார். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர், லேப்டாப்போடு இணைத்திருந்த சின்னப் பெட்டியில் ஹெட்போனுக்கென்று இருந்த இன்னொரு துளையில் செருகியிருந்தது.

"அப்ப கதவைச் சாத்திட்டு இதைத்தான் கேட்டுட்டு இருந்தியா?" என்றேன்.

"எதிர்ல உக்காந்தா அவளுக்கு விரல் தடுமாறுதுடா," என்றார் மெதுவாக.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அண்ணி ஒயரை மாற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு இடத்தில் விரல் தடுமாறத்தான் செய்தது. அண்ணன் கடைசிவரை நின்றுகொண்டே கேட்டார்.