எங்கேருந்து கதைக்கிறீங்க?

புத்தளத்துப் பாலாவிச் சந்தியில், ஒரு டயர்க் கடைக்கு மேலே எங்கள் வானொலி இருந்தது. முட்டைத் தட்டுகள் ஒட்டிய சுவர், ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கதிரை. அந்தக் கதிரையில் என்னால் ஒருபோதும் ஒழுங்காக இருக்க முடிந்ததில்லை. உப்பு லொறி சந்தியில் திரும்பினால் மேசை நடுங்கும். எழும்பி யன்னலடிக்குப் போவேன், மைக் வயர் இழுக்கும், திரும்பி வருவேன். மீன் விலை, ஜனாஸா அடக்க அறிவித்தல், காணாமல்போன ஆடு, பிற்பகலில் சிலாபப் பக்கத்து ஆட்களுக்குச் சிங்களத்தில் கொஞ்ச நேரம் – எல்லாம் நின்றபடிதான் வாசித்தேன்.

காலையில் நேயர்கள் கதைக்கும் நேரம். அதற்கு ஒரே விதி: முதலில் ஊர், பிறகு விசயம்.

பெரும்பாலும் முதல் அழைப்பு வாப்பாவுடையது. தில்லையடியில், நான் படுத்தெழும்பும் அதே வீட்டிலிருந்துதான் எடுப்பார்.

"எங்கேருந்து கதைக்கிறீங்க?"

"முசலி."

"சொல்லுங்க." வானொலியில் வாப்பா என்று அழைப்பதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

"எங்கட ஒழுங்கையில தெருக் குழாய்ல தண்ணி வாறதில்ல."

முசலி மன்னார்க் கரையில். தொண்ணூறில், யுத்தத்துக்குள், வடக்கு முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது, வாப்பாவின் சாரனைப் பிடித்தபடி அங்கிருந்து வந்த சிறுவன் நான்.

அடுத்த அழைப்பு, பரம்பரையாகப் புத்தளத்தில் இருக்கும் ஒரு கடைக்காரர். "தம்பி, முசலியில தண்ணி இல்லாட்டி தில்லையடியில எதுக்குக் குழாயத் திறக்கணும்? குடிக்கிறது இங்கத்த தண்ணி. ஊரச் சொல்ல மட்டும் நாக்கு நோகுதா?"

வீட்டுக்குப் போனால் வாப்பா வாசலிலேயே பதில் வைத்திருப்பார். "அவன் கிடக்கிறான். எங்கேருந்து எண்டுதானே நீ கேட்ட? நான் அங்கேருந்துதான்."

உப்புக் காற்று ஒலிபரப்புக் கோபுரத்தைத் துருவாக்கித் தின்றது. திருத்துவது வீண் என்று முதலாளி வானொலியை இணையவழியாகத் தொலைபேசிக்கு மாற்றினார். அலைவரிசை எண் போய்விட்டது. கேட்க விரும்புகிறவர் எந்த மூலையிலும் கேட்கலாம்.

"அப்ப முசலியிலயும் கேக்கும்?" என்றார் வாப்பா.

"ஓம்."

யுத்தம் முடிந்தபின், முசலியில் எங்கள் பழைய வீட்டு வளவில் காடு வெட்டி, என் தம்பி ஒரு தகரக் கொட்டில் போட்டுவிட்டு வந்திருந்தான். வாப்பா ஒரு பாயும் தொலைபேசியுமாகப் புறப்பட்டார். "நீயும் வா மகன்."

"நிகழ்ச்சி இருக்கு வாப்பா."

"ஒரு இடத்தில இருக்கத் தெரியாத நீ, நிகழ்ச்சிக்காக இருக்கப் போறியா?"

அவர் அங்கே தங்குவாரா, தாங்குவாரா? மீன் விலை வாசிக்கும்போதும் நெஞ்சுக்குள் அதுவே ஓடியது. அழைப்பு வரும் விளக்கு மின்னும்போதெல்லாம் யன்னலிலிருந்து பாய்ந்தேன். ஆடு தொலைத்தவர்கள். பஸ் நிற்கவில்லை என்பவர்கள். வாப்பா இல்லை.

பிறகு ஒரு காலை, காற்றிரைச்சலுக்குள் ஒரு தொண்டைச் செருமல்.

"எங்கேருந்து கதைக்கிறீங்க?"

தூரத்தில் மயில் அகவியது.

"தில்லையடி."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"எங்கட ஒழுங்கையில தண்ணி வருதா?"

"வருது வாப்பா." சொல் தவறி விழுந்துவிட்டது.

"அப்ப சரி. இங்க கிணறு சவர், வாயில வைக்கேலா. பக்கத்து வளவில ஆருமில்ல. ஆர்ட்ட சலாம் சொல்றது மகன்?"

இணைப்பு அறுந்தது. முதலாளி அவசரமாகச் சீமெந்து விளம்பரம் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பஸ் ஏறினேன். நிகழ்ச்சிக்கு இப்போது ஒரு தொலைபேசி போதுமே. மறுநாள் காலை முசலிக் குளக்கட்டில், சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், வாப்பாவும் நானும் நின்றோம்.

"வீட்ட போவமா வாப்பா?"

"எந்த வீட்ட?" என்றார். பிறகு, "கிணத்த இன்னொருக்கா இறைச்சுப் பாப்பம்."

முதல் அழைப்பு அந்தக் கடைக்காரர். "தம்பி, மயில் சத்தம் கேக்குது. இண்டைக்கு முதல்ல நீங்க சொல்லுங்க. எங்கேருந்து கதைக்கிறீங்க?"

இத்தனை காலத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. வாப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பாக்குப் பக்கத்திலேருந்து" என்றேன்.

"அது ஊர் இல்லையே."

இல்லைதான். குளக்கட்டில் அந்தம்வரை நடந்தேன். சிக்னல் குறைந்தது. திரும்பி வாப்பாவிடமே வந்தேன்.

"ஊர் கிடக்கட்டும். விசயத்தச் சொல்லுங்க" என்றேன்.