மெல்லப் போறவங்க

பதினேழு வருஷமாகப் பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியதால் டிப்போவில் அவரை எல்லோரும் பதினாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தால் வாசல் காவலர் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

நாற்பத்தொரு வயது வரை அக்காவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு மீட்டர் நீள வண்டியைச் சந்துக்குள் திருப்பி எடுக்கிறவருக்கு அது தெரியாது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை சிக்னலில் பஸ் நின்றபோது பக்கத்தில் ஒரு பெண் சைக்கிளில் வந்து நின்றார். பின்னால் துணி மூட்டை, கழுத்தில் அளவு நாடா. தையல்காரர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்திலும் அவர் முன்னால் இருந்தார். அதற்கடுத்த நிறுத்தத்திலும். நாலாவது நிறுத்தத்தில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா, அப்படி என்ன அவசரம்?"

"அவசரமெல்லாம் இல்லைங்க. நான் என் பாட்டுக்குத்தான் போறேன். உங்க பஸ்தான் பின்னாடியே நின்னுடுது."

அன்று முழுக்க அந்தப் பதில் அக்காவின் காதிலேயே இருந்தது. மறுநாள் அதே சிக்னலில் மறுபடி கண்ணாடியை இறக்கி, "எனக்குக் கத்துத் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். தையல்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை டிப்போவில் பாதி வண்டிகள் வெளியே போயிருக்கும். பின்பக்கத் திடல் காலியாகக் கிடக்கும். அங்கேதான் ஆரம்பித்தார்கள். முதல் வாரம் இரண்டு பேர். இரண்டாவது வாரம் அக்காவின் நாத்தனார் வந்து சேர்ந்துகொண்டார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், வாய் சும்மா இருக்காது. அவரோடு அவர் மகளின் கணக்கு டீச்சரும் வந்தார். சைக்கிள் மட்டும் ஒன்றே ஒன்று, தையல்காரருடையது.

மூன்றாவது வாரம் கணக்கு டீச்சர் பிரேக் எந்தப் பக்கம் என்பதை மறந்து, பஸ் கழுவும் இடத்தில் அடுக்கியிருந்த சோப்புத் தண்ணீர் டிரம்களுக்குள் புகுந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் திடல் முழுக்க முழங்கால் உயரத்துக்கு நுரை. சத்தம் கேட்டு வந்த டிப்போ மேலாளர் நுரைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்தார். அவருடைய மகனுக்கும் அதே டீச்சர்தான். அதனால் திட்டு முழுவதும் அக்காவுக்கு வந்தது.

"நாளைக்கு யாராவது கையக் கால ஒடிச்சுக்கிட்டா நான்தான் பதில் சொல்லணும். காகிதம் கொண்டு வாங்க. அப்புறம் எவ்வளவு வேணா ஓட்டுங்க."

"என்ன காகிதம் சார்?"

"எனக்கென்ன தெரியும்? பொறுப்பு யாருதுன்னு எழுதின காகிதம்."

சைக்கிள் ரிப்பேர் கடைக் கதவில் தேசிய சைக்கிள் சங்கத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது தையல்காரருக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை கடைசி நிறுத்தத்தில் டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில் அக்கா அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். "குழு உதவிப் பிரிவு" என்றது ஒரு பெண் குரல். அவசரமே இல்லாத, கொஞ்சம் கரகரப்பான குரல். அக்கா சோப்புத் தண்ணீர், மேலாளர், காகிதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"ஒவ்வொண்ணா வருவோம்," என்றது குரல். "உங்க குழுவுல எத்தனை பேரு?"

"நாலு பேரு. அதுல மூணு பேருக்கு ஓட்டத் தெரியாது."

மறுமுனையில் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப மத்தவங்களை விட உங்களுக்குத்தான் நாங்க வேணும்," என்றது குரல்.

ஐந்து பேர் சேர்ந்து, ஒரு பெயர் வைத்துப் பதிவு செய்தால் போதும், தேசிய சங்கத்தின் உறுப்புக் குழு ஆகிவிடலாம். ஆகிவிட்டால் விழுந்தாலும் மோதினாலும் சங்கத்தின் காப்பீடு பொறுப்பு. மேலாளர் கேட்ட காகிதம் அதுதான். குழுவை நடத்துகிறவருக்கு ஒரு நாள் பயிற்சி உண்டு. புதிதாகக் கற்கிறவர்களுக்கென்று தாழ்வான சைக்கிள்கள் ஆறு இருக்கின்றன, மூன்று மாதத்துக்கு இரவல் தருவார்கள். குரல் சொல்லச் சொல்ல அக்கா டீக்கடைத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். பஸ் அன்றைக்கு நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.

ஐந்தாவது ஆளுக்கு எங்கே போவது? வீட்டுக்காரர் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறவர். அச்சு எடுத்து, மெழுகு வார்த்து, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. முடியாத வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவார். சாப்பாட்டு மேஜையில் யாருடையதோ ஒரு சிரிப்பு எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

"என் பேரை எதுக்கு எழுதுற? எனக்கு சைக்கிள்னாலே ஆகாது."

"நீங்க ஓட்ட வேண்டாங்க. சும்மா இருந்தாப் போதும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

பெயர் வைப்பதில் இரண்டு நாள் போனது. டீச்சர் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைய வீரமான பெயர்களாக எழுதிக்கொண்டு வந்தார். நாத்தனார் அதைப் படித்துவிட்டு, "அண்ணி, அன்னைக்குத் திடல்ல ஒரு நாய் நம்ம சைக்கிளை விரட்டுச்சு. நாம மெதுவாப் போறதைப் பார்த்து அதுவே நின்னுடுச்சு. இதுல சூறாவளியா?" என்றார். அப்படித்தான் 'மெல்லப் போறவங்க' ஆனது. போனில் சொல்ல அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. குரல் சிரிக்கவில்லை.

"எங்ககிட்ட நூத்தி முப்பது குழு இருக்கு. மின்னல்னு மட்டும் பதினோரு குழு. இந்தப் பேரு வேற யாருக்கும் இல்லை. நல்லா இருக்கு," என்று எழுத்து எழுத்தாகச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டது.

பத்து நாளில் முத்திரை போட்ட காகிதம் வந்தது. மேலாளர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திடலின் சாவியை அக்கா கையில் கொடுத்தார். டிரம்களை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார்.

பயிற்சி வேறொரு ஊரில் நடந்தது. பல ஊர்க் குழுக்களிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் ஒட்டிய கன்னமும் கல்லு மாதிரிக் காலுமாக இருந்தார்கள். அக்கா கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் மற்றவர்கள் என்று குழுவாகப் போகிற முறை, கை காட்டுகிற முறை எல்லாம் சொன்னார்கள். பெரியவர்களுக்குக் கற்றுத் தரும்போது முதலில் பெடலைக் கழற்றிவிட வேண்டும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார். இருக்கையைத் தாழ்த்தி, காலால் தரையைத் தள்ளித் தள்ளி உருண்டு போகப் பழகிவிட்டால் சமநிலை தானாக வந்துவிடும், மிதிப்பது பிறகு.

மதியம் பெரிய வண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. பஸ்காரர்கள் வேண்டுமென்றே இடிக்க வருகிறார்கள் என்று ஒருவர் குறைப்பட்டார். அக்கா எழுந்தார்.

"பதினேழு வருஷமா பஸ் ஓட்டுறேன். உங்களை எனக்குப் பிடிக்காமத்தான் இருந்துச்சு, அது உண்மை. ஆனா வேணும்னே யாரும் வர்றதில்லை. நீங்க இருக்கிறது எங்களுக்குத் தெரியறதே இல்லை."

அதோடு விடவில்லை. வெளியே நின்றிருந்த பஸ்ஸின் ஓட்டுநரிடம் பேசி, இருபது பேரையும் ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். கதவுப் பக்கம் பின்சக்கரத்துக்கு அருகே சைக்கிளோடு தான் போய் நின்றுகொண்டு, "நான் தெரியறேனா?" என்று கத்தினார். ஒருவருக்கும் தெரியவில்லை. குறைப்பட்டவர் இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். அடுத்த வருஷம் சங்கத்தின் பயிற்சிப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு பக்கம் சேர்ந்தது. மற்ற ஊர்க் குழுக்களுக்கும் போய்ச் செய்து காட்டச் சொல்லி அக்காவை அழைத்தார்கள். நாலு ஊருக்குப் போய் வந்தார்.

இரவல் சைக்கிள்கள் வேனில் வந்து இறங்கின. கூடவே காற்றடிக்கும் பம்ப், ஸ்பானர் பெட்டி, ஹெல்மெட் நிறைந்த ஒரு பெரிய பை. தையல்காரர் ஹெல்மெட் வார்களைப் பிரித்து அவரவர் தாடைக்குத் தகுந்தபடி தைத்துக் கொடுத்தார். நாத்தனார்தான் கடைசி வரை போக்குக் காட்டினார். ஒரு வாரம் முட்டிவலி, ஒரு வாரம் செருப்பு சரியில்லை, ஒரு வாரம் வெயில். அவர் ஒன்பதாவது வாரம் கத்திக்கொண்டே திடலைச் சுற்றி வந்தபோது மேலாளர் ஜன்னலைத் திறந்து கை தட்டினார்.

மூன்று வருஷத்தில், பேருக்கு மட்டும் இருந்த வீட்டுக்காரரைச் சேர்க்காமலே முப்பத்தெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். திங்கட்கிழமை டீ வேளையில் "பதினாலு பேசறேன்" என்று குரலுக்குப் போன் போடுவது அக்காவுக்கு வழக்கமாகிவிட்டது. காது கேளாத ஒருவர் சேர வந்திருக்கிறார், வழியில் எப்படிச் சைகை செய்வது? ஏரிக்குப் போகிற சாலையில் பள்ளம், நகராட்சிக்கு எப்படி எழுதினால் நடக்கும்? எதற்கும் "ஒவ்வொண்ணா வருவோம்" என்றுதான் அந்தக் குரல் ஆரம்பிக்கும். இதே மாதிரிக் காது கேளாத ஒருவர் உள்ள குழுவின் எண்ணைத் தேடிக் கொடுத்தது. நகராட்சிக் கடிதத்தை மூன்று தடவை திருத்தி அனுப்பியது. பள்ளம் மூடப்பட்ட அன்று அக்கா நிறுத்தத்திலிருந்தே கூப்பிட்டுச் சொன்னார்.

பிறகு ஒரு சனிக்கிழமை மதியம், ரயில் நிலைய நிறுத்தத்தில் பதினாலாம் நம்பரில் ஒரு அம்மாள் ஏறினார். ஐம்பது வயதிருக்கும். பருத்த உடம்பு, தோளில் பெரிய பை. டிப்போ எங்கே இருக்கிறது என்று அவர் விசாரித்ததும், யாரைப் பார்க்க, எதற்கு என்று பக்கத்தில் இருந்தவர் கேள்வி மேல் கேள்வி கேட்க, "ஒவ்வொண்ணா வருவோம்," என்றார் அவர்.

அக்கா பிரேக்கில் இருந்து காலை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தார். பிறகு திரும்பியே பார்த்தார்.

"குழு உதவிப் பிரிவா?"

அந்த அம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டார். "பதினாலா?"

நிறுத்தத்தில் நின்ற பஸ் அப்படியே நிற்க, இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பயணிகளும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். சங்க அலுவலகத்திலிருந்து போய்க் குழுக்களை நேரில் பார்க்கும் முறை புதிதாக வந்திருந்தது. சொல்லாமல் வந்து அசத்தலாம் என்று நினைத்தாராம்.

ஞாயிறு காலை முப்பத்தெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். இருப்பதிலேயே நல்ல சைக்கிளைத் துடைத்து அவருக்காக நிறுத்தியிருந்தார்கள். நீங்கள்தான் முன்னால் போக வேண்டும் என்றார் டீச்சர். அந்த அம்மாள் முதலில் குறிப்பு எழுத வேண்டும் என்றார். பிறகு ரயிலில் உட்கார்ந்து முட்டி பிடித்துக்கொண்டது என்றார். பிறகு இந்தச் செருப்போடு எப்படி என்றார்.

நாத்தனார் அக்காவின் காதருகே வந்தார். "அண்ணி, முட்டி, செருப்பு ரெண்டும் ஆயிடுச்சு. இனி வெயில்னு சொல்லப் போறாங்க பாருங்க."

"இங்க வெயிலும் கொஞ்சம் அதிகம்தான்," என்றார் அந்த அம்மாள்.

அக்கா அவரைத் தனியாக ஒர்க்‌ஷாப் பக்கம் அழைத்துப் போனார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாது, இல்லையா?"

அவர் முகம் சிவந்தது. டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். "இருபத்திரண்டு வருஷம் முன்னாடி டைப் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். இன்டர்வியூல யாரும் கேக்கலை. அப்புறம் யாருகிட்ட போய்ச் சொல்றது? நூத்தி முப்பது குழுவுக்கு சைக்கிளைப் பத்திச் சொல்றவ, எனக்கே தெரியாதுன்னு."

"நாப்பது பேரை வெச்சு பஸ் ஓட்டிக்கிட்டு நானும் அப்படித்தான் இருந்தேன்," என்றார் அக்கா. "வாங்க, பெடலைக் கழட்டச் சொல்றேன்."

ஒர்க்‌ஷாப் வாசலில் லேசான ஒரு சரிவு உண்டு. முதல் தடவை இரண்டு கால்களையும் தரையில் தேய்த்தபடியே இறங்கினார். பத்தாவது தடவை காலைத் தூக்கினார். ஒரு மணி நேரம் கழித்துப் பெடலை மாட்டினார்கள். தையல்காரர் ஒரு பக்கமும் அக்கா இன்னொரு பக்கமும் ஓட, மற்றவர்கள் வழிவிட்டு நிற்க, அவர் கழுவும் இடம் வரை போய்த் திரும்பினார். அக்காவின் வீட்டுக்காரர் அன்றைக்கென்று பார்க்க வந்திருந்தார். "பல்லைக் கடிக்காதீங்கம்மா, தேஞ்சு போயிடும்," என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு ஓடினார். அந்தக் கரகரத்த குரல் சிரிப்பில் உடைந்து திடல் முழுக்கக் கேட்டது.

ஊருக்குப் போனதும் அவர் அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். வேலை பார்க்கிற பத்தொன்பது பேரில் மேலும் ஆறு பேர் ஒவ்வொருவராக அறைக்கு வந்து, தங்களுக்கும் தெரியாது என்று மெல்லச் சொன்னார்களாம். குழு உதவிப் பிரிவு முதல் முறையாக ஒரு குழுவிடம் உதவி கேட்டுக் கடிதம் எழுதியது. அக்காவும் தையல்காரரும் நாத்தனாரும் இரண்டு நாள் லீவு போட்டுப் போய், தலைமையகத்தின் கார் நிறுத்தும் இடத்தில் ஆறு பேரையும் ஓட்ட வைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த மாதம் அந்த அம்மாள் மறுபடி வந்தார், இந்தத் தடவை சொந்த லீவில். ஏரி வரை ஏழு கிலோமீட்டர். ஒரு சின்ன மேட்டில் அவரால் மிதிக்க முடியவில்லை. இறங்கித் தள்ளினார். எல்லோரும் இறங்கினார்கள். முப்பத்தொன்பது பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சாலையோரம் வரிசையாக, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் பேசிக்கொண்டே நடந்தார்கள். உச்சிக்கு வந்ததும் கீழே தண்ணீர் தெரிந்தது. அவர் அக்காவைப் பார்த்தார்.

"இங்கேருந்து இறக்கம்தானே?"

"இறக்கம்தான். பிரேக் மேல விரலை வெச்சுக்கோங்க."

அவர் ஏறி உட்கார்ந்தார். யாரும் பிடிக்கவில்லை.