தறி நிற்கவில்லை என்று எழுதியவள்

எங்கள் கம்பனியில் தறி நின்றால், நின்றது என்று எழுதக்கூடாது. "சுத்தம் செய்தல்" என்று எழுத வேண்டும். நான் பதிவு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அப்போதிருந்த மேலாளர் இதைச் சொல்லித் தந்துவிட்டார். நிறுத்தம் கூடினால் கொழும்பிலிருந்து அவருக்கு ஏச்சு விழும். சுத்தம் செய்தால் யார் ஏசப்போகிறார்கள்? அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் தெரிந்தும் தெரியாதவர் போல, மாதக் கடைசியில் என் பதிவுக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "நல்லது மிஸ்" என்று சொன்னதோடு சரி. ஆறு வருடம் அப்படியே எழுதினேன். என் கொப்பியை நம்பினால் திருகோணமலையிலேயே துப்புரவான தொழிற்சாலை எங்களுடையதுதான். உள்ளே வந்து பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

நாங்கள் நெய்தது உரப்பை. பிளாஸ்டிக் இழையை வட்டத்தறியில் நெய்து, வெட்டி, அடி தைத்து அனுப்புவோம். துறைமுகப் பக்கம் சீமெந்துக்கும் மாவுக்கும் உரத்துக்கும் பை தேவைப்பட்ட காலத்தில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. தறிகளெல்லாம் கிழடு. அவற்றை ஓட வைத்தவர் தலைமை மெக்கானிக், கிண்ணியாக்காரர். தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாருக்கும் அவர் நானாதான், அண்ணன் மாதிரி. எந்தத் தறி, என்ன உடைந்தது, எத்தனை மணித்தியாலம் நின்றது என்று தன் ஞாபகத்துக்காக ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைப்பார். நாள் முடிவில் என் பதிவின் கீழே கையெழுத்து வைக்க வருவார்.

"இண்டைக்கும் சுத்தம்தானா புள்ள? இப்பிடியே போனா எங்களுக்கு மெடல் தருவானுகள்!"

சிரித்துக்கொண்டே வைப்பார். நானும் சிரிப்பேன். எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போது உறைக்கவில்லை.

பிறகு சீமெந்து பையில்லாமல் தாங்கி லொறிகளில் போகத் தொடங்கியது. மற்றச் சாமான்களுக்கு ஒரு தொன் பிடிக்கிற பெரிய பைகள் வந்தன. உரப்பைக்கு ஓடர் குறைந்தது. குறைந்தது குறைந்ததுதான். பாதித் தறிகளைச் சீலை போட்டு மூடினோம். தலைமையகம் ஒருநாளும் "விழுந்துவிட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. "மாற்றத்தின் காலம்" என்று வாசலில் ஒரு பெரிய பதாகை கட்டினார்கள். கேற்றுக்குப் பெயின்ற் அடித்தார்கள். எல்லாருக்கும் ஒரு ரீசேட். ரீசேட்டைக் கண்டதுமே நான் பயந்திருக்க வேண்டும். நானோ அளவு சரியில்லையென்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மை தேநீர் இடைவேளையில்தான் கசிந்தது. பெரிய பை செய்கிற புது மெசின்கள் வருகின்றன. ஆனால் கம்பனியின் இரண்டு தொழிற்சாலைகளில் ஒன்றுக்கு மட்டும்தான். ஒன்று நாங்கள், மற்றது கொழும்புப் பக்கம். மெசின் கிடைக்காத இடத்தில் தறிக்கூடத்தை இழுத்து மூடுவார்கள். எங்கள் கூடத்தில் அறுபது பேருக்கு மேல். மூதூரிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வருகிற பெண்கள் மட்டும் பதினைந்து பேர். என் வீட்டிலும் என் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது.

மெசின் எங்கே என்று முடிவெடுக்கிற கூட்டம் ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணிக்கு. கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கதைத்தது ஓர் இளம் பெண், தமிழ்ப்பிள்ளை. எங்கள் பக்கம் மேலாளர், நான், நானா. சுவரில் கோட்டுப் படம் காட்டினார்கள். மற்றத் தொழிற்சாலையின் நிறுத்தம் மலை மாதிரி ஏறியிருந்தது. எங்களுடையது தரையோடு தரையாகக் கிடந்தது.

"உங்கட தறியள் நிக்கிறதே இல்லை. அங்க ஒவ்வொரு நாளும் நிக்குது," என்றார் அந்தப் பெண். "அப்ப புது மெசின் அங்கதானே அவசரம்? நீங்கள் இதுகளோட இன்னும் ரெண்டு வருசம் சமாளிப்பீங்கள். பிறகு பாப்பம்."

பிறகு பாப்பமாம்! பிறகு பார்க்க அங்கே பூட்டுத்தான் தொங்கும். மேலாளர் பாராட்டுக் கிடைத்தது போலப் புன்னகைத்தார். அந்தத் தட்டைக் கோட்டை ஆறு வருடமாக இழுத்தவள் நான்தான். ஆனால் சொன்னால் பொய்ப் பதிவு எழுதியவள் என்று அந்த இடத்திலேயே வேலை போய்விடும்.

நானா எழும்பினார். "மிஸ், அது பிழை. எங்கட தறி கிழமைக்கு மூணு நாலு தரம் நிக்கிது."

கக்கத்தில் இருந்த கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். அதைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் கண்டேன். அந்தப் பெண் அதையும் என் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தேதியைத் தேடினார். நானாவின் கொப்பியில், பேரிங் உடைந்து ஏழு மணித்தியாலம். என்னுடையதில், சுத்தம் செய்தல்.

"ஏழு மணித்தியாலமா சுத்தம் செய்தனீங்கள்?"

அவர் இரண்டு கொப்பிகளையும் எங்கள் பக்கம் திருப்பினார்.

"இப்பிடி எழுதச் சொன்னது ஆர்?"

"இது எனக்கே இப்பதான் தெரியும்," என்றார் மேலாளர். படுபாவி, கண் கூட இமைக்காமல் சொன்னார்.

நானா என்னைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார். சும்மா இரு புள்ள, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தப் பார்வை சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். முன்னால் இருந்த தண்ணீர்ப் போத்தலின் லேபிளை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.

"கீழ இரிக்கிற கையெழுத்து என்டதான்," என்றார் நானா. அதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கொப்பியை அவர்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமை நானாவுக்குக் கடிதம் வந்தது. பொய்யென்று தெரிந்தும் கையெழுத்து வைத்தவராம், நாளையிலிருந்து வரத் தேவையில்லையாம். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். மேற்பார்வையாளரான தலைமை மெக்கானிக் சொன்னபடி எழுதியவள் என்று அதில் போட்டிருந்தது. நானா அப்படி எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கடிதத்தை நாலாய் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நாலு மாதம் கழித்துப் புது மெசின்கள் எங்களுக்கே வந்தன. கூடம் பிழைத்தது. லொறி உள்ளே வந்தபோது மூதூர்ப் பெண்கள் கைதட்டி அழுதார்கள். பாற்சோறு கொடுத்தோம். மேலாளர் நாடா வெட்டி, மாற்றத்துக்கு முகங்கொடுப்பது பற்றி நீளமாகப் பேசினார். நான் முன்வரிசையில் கதிரையில் இருந்து கைதட்டினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தட்டினேன்.

நானாவைப் பார்க்கப் போக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. ஒவ்வொரு கிழமையும் போகலாம் என்று வெளிக்கிட்டு, ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி நின்றுவிடுவேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பிள் வாங்கிக்கொண்டு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். வீட்டு முற்றத்தில் தண்ணீர் மோட்டர் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். "வா புள்ள, வா," என்று கதிரை இழுத்துப் போட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தார். புது மெசின் எப்படி, சத்தம் குறைவா, ஓயில் ஒழுகுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு அடக்க ஏலாமல் கொட்டிவிட்டேன்.

"நானா, அண்டைக்கு நீங்கள் கண்ணால சும்மா இரு எண்டு சொன்னபடியாத்தான் நான் வாய் திறக்கேல்ல."

அவர் கையிலிருந்த திருகுசாவியைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"நான் சும்மா இரு எண்டு பாக்கல்ல புள்ள," என்றார். "சொல்லு எண்டுதான் பாத்தனான். ரெண்டு தரம் பாத்தனான்."