எந்த ஓடு?

ஓடு என்ற சொல்லை நான் கூடியமட்டும் வாயில் எடுப்பதில்லை. வீட்டுக் கூரையைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'வில்லை' என்று சமாளிப்பேன். பஸ் கிளம்பப் போகிறது, கூட வருகிறவரை அவசரப்படுத்த வேண்டும் என்றால் 'வெரசா வாங்க' என்பேன். ஆமையின் முதுகில் இருப்பதைப் பற்றிப் பேசும் சந்தர்ப்பம் நல்லவேளையாக எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. என் இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டை. அதற்கும் இந்தச் சொல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. என்ன தொடர்பு என்பதில்தான் எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

கோவில்பட்டியில் ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் ஆளைப் பிடித்துக்கொள்ளும். செருப்புப் போட்டு நடந்தால் செருப்பு மண்ணோடு தங்கிவிடும், கால் மட்டும் நம்மோடு வரும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் பாதம் இரண்டும் யானைக்கால் ஆகும். எங்கள் தெருவில் பருத்திப் பொதிகளை அடுக்கும் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் மேல்தளங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பஜார் பக்கத்து டீக்கடை வரைக்கும் போயின. ஒரு மழை நாளில் தெருப் பையன்களான எங்களில் எவனோ ஒருவன் ஏணி வழியாகத் தளத்தில் ஏறி, சுவர் தாண்டிச் சுவர் தாண்டி, வெள்ளை வேட்டியோடு டீக்கடையில் போய் இறங்கினான். டீக்கடைக்காரர் அவனை ஆகாயத்திலிருந்து வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் கீழே நடப்பதை விட்டுவிட்டோம். அந்த வழிக்கு 'மேல் ரோடு' என்று பெயரும் வைத்தோம்.

மழை நின்றது. மண் காய்ந்தது, வெடித்தது, வெடிப்பில் கால் போகிற அளவுக்குப் பிளந்தது. மாசி வெயிலில் தெருவெல்லாம் சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடந்தபோதும் நாங்கள் மேல் ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தோம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'சகதி' என்று பதில் சொல்லியிருப்போம்.

எதற்கு ஓடினோம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மேலிருந்து பார்த்தால் பஜாரே வேறு மாதிரி இருந்தது ஒரு காரணம். நம்மை அதட்டுகிற பெரிய மனிதர்களின் உச்சி வழுக்கை எல்லாம் தெரியும். அவர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மனிதன் அண்ணாந்து பார்ப்பது மழைக்கும் ஏரோப்ளேனுக்கும் மட்டும்தான். இன்னொரு காரணம் பயம். ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் அடிவயிற்றில் ஏதோ ஒன்று கழன்று, மறுபக்கம் இறங்கியதும் திரும்ப வந்து மாட்டிக்கொள்ளும். அந்த நிமிஷம் சுகமாக இருந்தது. பயம் போன சுகமா, பயமே சுகமா என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. நிறையப் படித்தும் பார்த்துவிட்டேன். ஞானிகள் இதைப்பற்றி எழுதியிருக்கிறார்கள், ஆனால் அவர்களில் எவரும் கிட்டங்கி மேல் ஓடியதாகத் தெரியவில்லை.

மேல் ரோட்டுக்கு ஒரு முடிவு உண்டு. கடைசிக் கிட்டங்கிக்கு அப்பால் ஒரு சந்து. ஒற்றை மாட்டு வண்டி இரண்டு பக்கமும் உரசாமல் போகிற அகலம். சந்துக்கு அந்தப் பக்கம், ஓர் ஆள் உயரம் தாழ்வாக, மங்களூர் ஓடு போட்ட ஒரு வீடு. அதில் இருந்தவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்த டீச்சர். என் தங்கை அவரிடம்தான் படித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒற்றை நாடி உடம்பு. இரட்டை நாடிக் குரல்.

அந்தச் சந்தைத் தாண்டியவன் எங்களில் ஒருவன்தான். அவன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். நமாசுக்குக்கூட ஓட்டமும் நடையுமாகப் போகிறவன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துத் தாவுவான். ஓட்டுக்கூரையில் கால் வைக்கும் சாஸ்திரத்தை எனக்கு அவன்தான் சொன்னான்.

"மாப்ள, மொதல்ல சுவத்துக்கு நேரா இருக்க ஓட்டுல மிதி. அங்கன இருந்து முகட்டுக்கு ஒரே மூச்சு. எடையில நிக்கப்பிடாது. ஓட்டு மேல நின்னா ஓடு ஒடையும், ஓடுனா ஒடையாது."

"எதுக்குலே ஒடையாது?"

"ஒடையணும்னு அது முடிவு பண்ணுததுக்குள்ள நீ போயிருப்பல்லா."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தலையை நம்பி நான் எழுதிய பரீட்சைகள் எல்லாம் என் அப்பாவைத் தலைகுனிய வைத்திருந்தன. ஆகவே குடும்பம் ஒருமனதாக என் கால்களை நம்பத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டம், தாண்டுதல் இரண்டிலும் நான் முதல். அதை வைத்து மதுரையில் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தோம். நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிக் கார்டு அனுப்பியிருந்தார்கள். அடுத்த வாரம் போக வேண்டும். ஓடிக் காட்ட வேண்டும், தாண்டிக் காட்ட வேண்டும். அப்பா எனக்காகக் கருப்பட்டியும் முட்டையும் வாங்கி வந்தார். ஒரு மகனுக்கு என்று அவர் வாங்கியதாகத் தெரியவில்லை, வண்டி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்குகிற முகம்தான் இருந்தது. அந்த இரண்டு கால்களை விட்டால் எங்கள் வீட்டுக்கு என்னிடம் வேறு நம்பிக்கை கிடையாது. அது எனக்கும் நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் ஒரு சாயங்காலம் கடைசிக் கிட்டங்கியின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றேன்.

சைக்கிள் கடைக்காரன் ஏற்கெனவே தாவி, எதிர் வீட்டு முகட்டில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். "மதுரைக்குப் போயி என்னத்தத் தாண்டப் போற? மணலு கொட்டி வச்சிருப்பான், அதுலதானே? வாலே, இங்கன வந்து தாண்டு" என்றான்.

பயந்ததால் தாவினேனா, பயப்படவில்லை என்று காட்டத் தாவினேனா, அவன் அந்தப் பக்கம் இருந்தான் என்பதற்காக மட்டும் தாவினேனா, தெரியவில்லை. தாவியது மட்டும் உண்மை. நடுச் சந்தில், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத அந்த இடத்தில், நான் மிக நல்லவன் என்ற ஓர் எண்ணம் வந்தது. அப்படியோர் எண்ணம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

சுவருக்கு நேரான ஓட்டில் சரியாக இறங்கினேன். ஒன்றும் உடையவில்லை. அதை ரசித்துக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டேன். சாஸ்திரப்படி நின்றிருக்கக் கூடாது.

அப்போது கொல்லைப்புறத்திலிருந்து டீச்சரின் குரல் வந்தது. அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார் போலிருக்கிறது. கொடியில் காய்ந்த சேலையை எடுத்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்து, கையை நீட்டி, கணீரென்று கத்தினார்.

"ஓடு! ஓடு!"

ஓடினேன். தமிழ் டீச்சரே சொல்கிறார், ஓடாமல் என்ன செய்வது? மூன்றாவது எட்டில் ஓர் ஓடு விரிசல் விட்டுக் கிடந்தது. அடியில் இருந்த சட்டத்தைக் கரையான் எப்போதோ தின்று முடித்திருந்தது. இடது கால் தொடை வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டது. எங்கோ மரத்தில் மாட்டித் திருகியது. வெளியே கேட்ட சத்தம் ஓடு உடைந்தது. உள்ளே கேட்டது எலும்பு.

கூரைக்கு மேலே நான். கூரைக்குக் கீழே என் கால். நான் ஒருநாளும் அழைக்கப்படாத ஒரு வீட்டுக்குள் என் கால் மட்டும் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் உள்ளே ஓடி வந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் காலைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஆண்டவரே! தம்பி, அசைக்காத. கீழ அடுப்பு எரியுது."

"டீச்சர், நான் வந்து…"

"யாருன்னு தெரியுது. பேசாத. பேசுனா கால் ஆடுது."

சைக்கிள் கடைக்காரன் முகட்டிலிருந்து இறங்கி வந்து என் கக்கத்தில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டான். "மாப்ள, நீ நின்னுட்ட பாத்தியா, அதான்" என்று என் காதில் குற்றப்பத்திரிகையும் வாசித்தான்.

முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார் எலும்பு வைத்தியர். அப்பா வாங்கி வந்த முட்டைகள் ஒருவிதத்தில் என் காலுக்கே போய்ச் சேர்ந்தன. மதுரைக்கு நான் போகவில்லை. எனக்குப் பதிலாக யாரோ ஒருவன் அங்கே ஓடிக் காட்டியிருப்பான்.

கட்டிலில் கிடந்த என்னைச் சுற்றி ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று.

"அவிய ஓடுன்னுதானல சொன்னாவ?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"ஓடு ஒடஞ்சிருக்கு பாத்துக்கோன்னு அர்த்தம். அதுக்கு ஏம்லே ஓடுன?"

சைக்கிள் கடைக்காரனுக்கு வேறு கட்சி. "இல்ல மாமா, அவிய வெரட்டுனாவ. 'ஓடு நாயே'ன்னு சொல்ல வந்திருப்பாவ. டீச்சருல்லா, நாயை மட்டும் முழுங்கிட்டாவ."

என் மனதில் இருந்த மூன்றாவது அர்த்தத்தை நான் வெளியே சொல்லவில்லை. நான் தாவியதைப் பார்த்து அவருக்கும் ஒரு சந்தோஷம் வந்து, 'அப்படித்தான், ஓடு!' என்று உற்சாகப்படுத்தியிருக்கலாம். அந்தக் குரலில் அப்படி ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வேறு எவரும் என்னை எதற்கும் உற்சாகப்படுத்தியதில்லை என்பதால் எனக்கு அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்ளும் பழக்கமும் இல்லை.

தங்கை தன் இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏண்ணே, இது அடுக்குத்தொடருல்லா! ஒரே சொல்லு அடுத்தடுத்து வந்தா விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம், இந்த அஞ்சுல ஒண்ணா இருக்கும். டீச்சரே நடத்திருக்காவ."

"இதுல எதுட்டி?"

"அது இடத்தைப் பொறுத்துன்னு போட்டிருக்கு."

"எடம் கூரை."

தங்கை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். கூரைக்கு உதாரணம் இல்லை.

"டீச்சர்ட்டயே கேட்டுட்டு வா" என்று அனுப்பினேன். அவள் பதிலோடு வரவில்லை, ஒரு கதைப் புத்தகத்தோடு வந்தாள். "கேட்டேன். உங்க அண்ணன் சும்மாதானே கெடக்கான், இதக் குடுன்னாவ" என்றாள். படித்து முடித்ததும் அடுத்தது வந்தது. கட்டுப் பிரித்த பிறகும் வந்துகொண்டிருந்தது. கால் சரியாகச் சேரவில்லை என்று தெரிந்த பிறகு சற்றுத் தடிமனான புத்தகங்களாக வந்தன.

இது என்னை இன்னும் குழப்பியது. எச்சரித்தவர் என்றால் அவர் எனக்கு ஒன்றும் கடன்பட்டவர் இல்லையே, எதற்குப் புத்தகம்? விரட்டியவர் என்றால் எதற்கு இத்தனை தயவு? ஒருவேளை உற்சாகப்படுத்தியவர்தானோ? அந்த உறுத்தல்தான் வாரம் ஒரு புத்தகமாக வருகிறதோ? நீதிபதிபோல் ஒவ்வொரு புத்தகத்தையும் சாட்சியாக எண்ணி வாசித்தேன். சாட்சியம் ஒன்றும் கிடைக்கவில்லை. வாசிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது. பிறகு ஓர் அச்சாபீசில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. அதிலிருந்து எழுத்து. அதாவது, உட்கார்ந்தபடி செய்யும் வேலையாகப் பார்த்து வாழ்க்கை என்னைக் கொண்டுபோய் உட்கார்த்தியது. இதற்காக டீச்சரைக் கும்பிடுவதா, கோபித்துக்கொள்வதா என்று முடிவுசெய்ய எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மேல் ரோட்டில் அதற்குப் பிறகு யாரும் ஓடவில்லை. சைக்கிள் கடைக்காரன்கூடத் தரையில் நடக்க ஆரம்பித்தான். கேட்டால், "கீழயும் ரோடு நல்லாத்தான் போட்டிருக்கான் மாப்ள" என்பான். ரோடு அப்படியேதான் இருந்தது.

சில வருஷம் கழித்து டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அன்று, இனிமேல் கேட்க முடியாது என்ற பயத்தில் நொண்டிக்கொண்டு போனேன். முன்னறையில் அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணாந்து பார்த்தேன். கூரையில் அடுப்படிப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் ஓடுகள் சிவப்பாக, புதிதாக இருந்தன.

"டீச்சர், அன்னைக்கு நீங்க ஓடுன்னு சொன்னது எந்த ஓடு?"

இந்தக் கேள்வி அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை.

"ரெண்டு தடவ சொன்னேன், இல்லியா?"

"ஆமா டீச்சர்."

"அது அடுக்குத்தொடர் இல்லப்பா. ரெண்டும் வேற வேற சொல்லு. மொத ஓடு… நீ தாவி வந்தது கொக்கு வந்து எறங்குனாப்புல இருந்துது. நிக்கானே பாவி, ஓடேன்னு வாயில வந்துட்டு. அதுக்குள்ள ஒடஞ்ச ஓடு நெனப்பு வந்துது. அது ரெண்டாவது ஓடு."

அப்படியானால் முதல் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து இரண்டாவது சொல்லில் விழுந்தவன் நான். இத்தனை வருஷமும் எல்லோரும் சொன்னது சரி. எல்லோரும் சொன்னது தப்பு.

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இல்ல, மாத்திச் சொல்லுதேனோ? மொதல்ல அந்த ஓட்டைத்தான் பாத்தேனோ என்னமோ. எனக்கும் ராத்திரியெல்லாம் இதே யோசனதான். நீ போயிட்டு வா. வண்டிக்காரன் சத்தம் போடுதான்."

போகும்போது பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் திணித்தார். இதுவரை தந்ததிலேயே தடிமன். அதைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மழை பிடிக்கிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. நிலையைத் தாண்டக் காலைத் தூக்கினேன். பின்னாலிருந்து அந்தக் குரல் கணீரென்று கேட்டது.

"தம்பி, படி! படி!"

வாசலில் ஒரு படி பெயர்ந்து கிடந்தது. கையில் புத்தகம் இருந்தது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றேன்.