முனியாண்டி அண்ணன் சத்தமாகச் சொல்லாத வார்த்தை

முனியாண்டி அண்ணன் போய்விட்டார். நேற்று விடியற்காலை, ஆஸ்பத்திரியில்.

உங்களில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. குரல் தெரியும். நம் பேஜில் வேட்டை வீடியோக்களுக்குப் பர்மிய மொழியில் பேசுவாரே... அவர்தான்.

அதற்கு முன்னால் இங்கே பர்மாவில், தாகேதா போகிற பஸ்ஸில் கண்டக்டர். நெரிசலில் அவர் "உள்ள போங்க" என்றால் யாருக்கும் கோபம் வராது. காலேஜை விட்டுவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த நான், அந்தக் குரலைக் கேட்டுத்தான் "வீடியோவுக்குப் பேச வர்றீங்களா?" என்று கேட்டேன்.

பசுந்தாங் பகுதியில் என் ரூம்தான் ஸ்டூடியோ. ஃபேனை நிறுத்திவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையோடு ஒரு போர்வையைப் போர்த்தி மைக் முன்னால் உட்காருவார். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் பேசுவதை நான் பர்மிய மொழியில் எழுதித் தருவேன். அவர் படிப்பார்.

எங்கள் பெரிய ஹிட்... வெகு தூரத்தில் நிற்கும் மானைச் சுடுகிற ரைஃபிளுக்குத் தோட்டாவைத் தானே தயாரிப்பவன் எந்த வெடிமருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வீடியோ. நாங்கள் இரண்டு பேரும் ஒரு ரைஃபிளைத் தொட்டதுகூட இல்லை.

"ஏன்டா, மெதுவா எரியிற மருந்தயா தேடித் தேடி வாங்குறானுங்க?"

"நீட்டு பேரல் அண்ணே. பொசுக்குனு எரிஞ்சா உள்ளயே பிரஷர் ஏறிரும். மெதுவா எரிஞ்சாத்தான் குண்டத் தள்ளிக்கிட்டே போகும்."

"அப்ப நம்ம பஸ் டிரைவர் கோ டின் இதுக்கு ஆக மாட்டான். அவன் மிதிச்சா மொத சீட்டுக்காரன் கடைசி சீட்டுல கிடப்பான்."

வெயிலிலும் பனியிலும் ஒரே மாதிரி எரிகிற மருந்துதான் நல்லது என்று ஒரு இடம் வரும். படித்துவிட்டு போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ இந்த ரகம் இல்லடா தம்பி. ஏப்ரல் மாசம் உன்கிட்ட ஒருத்தனும் நெருங்க முடியாது."

ஒரே ஒரு பிரச்சினை. வெடிமருந்து என்பதற்கான பர்மிய வார்த்தை வரும்போதெல்லாம் குரலை இறக்கிவிடுவார். கிட்டத்தட்டக் கிசுகிசுப்பு. எங்கள் ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவே வெறும் பிளைவுட்தான்.

"முழுங்காதீங்க அண்ணே! எத்தனை தடவை எடுக்குறது?"

"இந்தக் காலத்துல இது சத்தமாச் சொல்ற வார்த்தையாடா? பக்கத்துல குழந்தைங்க இருக்கு, வயசானவங்க இருக்காங்க. ராணுவக்காரன் எவனாவது வந்து கதவத் தட்டுனா நீயா பதில் சொல்லுவ?"

நான் முறைப்பேன். மறுபடி எடுப்போம். மறுபடியும் முழுங்குவார்.

அப்புறம் இருமல் வந்தது. ஒரு வரிக்கு ஒரு இருமல். எனக்குத் தினமும் வீடியோ போட வேண்டும்.

"மைக் டெஸ்ட்" என்று சொல்லி, ஒருநாள் அவரை நிறையப் படிக்க வைத்தேன். அதை ஏ.ஐ.க்குக் கொடுத்தேன். அவர் குரல் அப்படியே வந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் வீடியோ போய்க்கொண்டே இருந்தது. நான் பார்க்கப் போகவில்லை.

நேற்று காலை அந்த வெடிமருந்து வீடியோவின் இரண்டாம் பாகம் தானாகவே போஸ்ட் ஆனது. ஷெட்யூல் செய்து வைத்திருந்தேன். அது வெளியே வந்தபோது அவர் இல்லை.

சாயங்காலம் தாகேதாவில் அவர் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் பாயில் உட்கார்ந்து, இங்கத்துத் துக்க வீட்டு வழக்கப்படி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே அவர் குரல் கேட்டது. பவுடர், பேரல், பிரஷர்... அண்ணியின் போனிலிருந்து.

"வா தம்பி. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே உனக்குப் பேசிக் குடுத்தாரா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"இந்த எடத்தக் கேளு. எப்பவும் இந்த வார்த்தைய முழுங்கிருவாரு. நான்கூடக் கிண்டல் பண்ணுவேன். இதுல பாரு, எவ்வளவு தைரியமாச் சொல்றாரு! போகப் போறோம், இனிமே யாருக்குப் பயப்படணும்னு நெனச்சிட்டாரு போல."

பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான்தான் அவருக்குக் கடைசி வேலை கொடுத்தவனாம்.

"காரியத்தன்னிக்கு இதத்தான் பெரிய ஸ்பீக்கர்ல போடணும். நீதான் பாத்துக்கணும் தம்பி."

"சரி அண்ணி" என்றேன்.

சரி அண்ணி... அவ்வளவுதான் வந்தது.

அந்த ஏ.ஐ. குரல் பயப்படாததற்குக் காரணம் வேறு. அதற்குப் பக்கத்து ரூம் தெரியாது. பிளைவுட் தெரியாது. அங்கே இருக்கிற குழந்தைகளைத் தெரியாது.

வீடியோவை பேஜிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அண்ணி போனில் சேவ் செய்து வைத்திருக்கிறார்.

இதைக் கோயில் வகுப்பில் படித்த தமிழில் எழுதுகிறேன், பிழை இருக்கும். அண்ணிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது; பர்மிய மொழிதான் படிப்பார். ஏன் பர்மிய மொழியில் எழுதவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன்... கேவலமாக இருக்கிறது.

இப்போது தாகேதா பஸ்ஸில்தான் இருக்கிறேன். பாலம் வந்துவிட்டது. யாரும் முந்திக்கொண்டு அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ். நானே சொல்கிறேன்.

அவர் பேசியதில் நான் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் எல்லாம் போனில் இருக்கின்றன. இருமல், சிரிப்பு, அந்தக் கிசுகிசுப்பு. அண்ணி வாங்கிக்கொள்வாரா, மூஞ்சியில் எறிவாரா தெரியாது.

போயிட்டு வாங்க அண்ணே. நீங்க மெதுவாவே சொல்லுங்க... இனி வெட்ட மாட்டேன்.