எட்டாவது பிளக்

அண்ணன் தன்னுடைய டிரக்கை எங்களுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்ன அன்றே என் கணவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு வரக் கொஞ்ச காலம் பிடித்தது.

அண்ணன் பிளேனோவில் இருக்கிறார். நாங்கள் ரிச்சர்ட்சனில். டெக்சஸுக்கு வந்து அவர் முதன்முதலாக ஆசைப்பட்டு வாங்கியது அந்தப் பிக்கப் டிரக்தான். ஆயில் மாற்றக்கூடக் கடைக்கு விடமாட்டார். சனிக்கிழமை காலையில் நான் போன் செய்தால் அண்ணிதான் எடுப்பார். "உங்கண்ணன் வண்டிக்கடியில கெடக்கறாரு, குளிச்சிட்டு வந்து பேசுவாரு" என்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கு இனி பெரிய வண்டி எதற்கு, நீங்கள் தோட்டம் போடுகிறீர்கள், மண்ணும் மரப்பலகையும் ஏற்ற உதவுமே என்றார். எஞ்சினின் ஸ்பார்க் பிளக் எட்டையும் மாற்றிவிட்டேன், இனி பல வருஷத்துக்குக் கவலையில்லை என்றும் சொன்னார்.

அவர் போனபின் என் கணவர் கேட்டார், நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது இவ்வளவு அவசரமாகக் கைமாற்றுவார்களா என்று. எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு யாரைத்தான் நம்பத் தெரியும் என்று கேட்டேன். வண்டி வந்துவிட்டது. அதை ஓட்டிக்கொண்டு வந்தது அண்ணி. அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். அதையும் என் கணவர் கவனித்து வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சில வாரங்கள் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு சிக்னலில் நிற்கும்போது லேசாக உதற ஆரம்பித்தது, குளிரில் நிற்கிற ஆள் மாதிரி. ஒருநாள் ஃப்ரீவேயில் ஏறும்போது இழுவையே இல்லாமல் போய், எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. வீடு வந்து சேர்ந்ததும் என் கணவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "உங்கண்ணனுக்குத் தெரிஞ்சுதான் தள்ளிவிட்டிருக்காரு" என்றார்.

ஒரு பட்டறையில் காட்டினோம். அந்த ஆள் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு மிஸ்ஃபயர் ஆகிறது, ஏதோ ஒரு சிலிண்டரில் நெருப்பு சரியாகப் பற்றவில்லை என்றான். எந்த சிலிண்டர் என்று கேட்டதற்கு அது குறிப்பாகக் காட்டவில்லை என்றான். எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் கணவர் முகத்தையே பார்த்தான். நான் அவனையும் நம்பவில்லை. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவள் நான். ஸ்பேனர் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தாலும், பிளக்கைக் கழற்றிப் பார்க்காமலே எஞ்சினைக் கழற்றச் சொல்கிறவனிடம் வண்டியை விட மனம் வரவில்லை.

நானே பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றேன். வண்டியைச் சரிசெய்வது மட்டும் என் நோக்கமில்லை. அண்ணன் மாற்றிய எட்டுப் புது பிளக்குகளையும் என் கண்ணால் பார்த்துவிட்டு, எட்டும் புதிதுதான் என்று கணவரிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் எங்கள் மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போனார். டிரக் எங்கள் கராஜுக்குள் முழுதாக நுழையாது. மூக்கை மட்டும் உள்ளே விட்டு, வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பானெட்டைத் திறந்தேன். முதல் நாள் மாலையிலிருந்து எடுக்காததால் எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் வயரைப் பிடுங்கி, போல்ட்டைக் கழற்றி, காயிலை மெதுவாக முறுக்கி இழுத்தால் உள்ளே கிணறு மாதிரி ஒரு குழி. குழிக்குள் மண் விழாமல் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, நீண்ட குழாயில் மாட்டிய சாக்கெட்டை இறக்கி, பிளக்கைத் திருகி எடுக்க வேண்டும்.

டிரைவர் பக்கம் நாலும் புதிது. முனை லேசான பழுப்பு, இருக்கவேண்டிய நிறம். எனக்குள் ஒரு திமிர் ஏறியது. அவற்றைத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் பூட்டினேன். மறுபக்கம் முதல் மூன்றும் அப்படியே புதிது. கடைசி ஒன்றுதான் சிரமமான இடம். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே, ஹீட்டர் குழாய்களுக்கு அடியில், கண்ணுக்கே தெரியாமல் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, எஞ்சின்மேல் குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன். மற்ற குழிகளில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. விளிம்பைச் சுற்றி அலுமினியத்தில் பளபளவென்று கீறல்கள். யாரோ இரும்பால் திரும்பத் திரும்ப இடித்திருக்கிறார்கள்.

சாக்கெட்டில் மடங்கும் மூட்டு ஒன்றை மாட்டி, வெகுநேரம் போராடி அதை வெளியே எடுத்தேன். துருப்பிடித்த பழைய பிளக். முனை கரைந்து, இடைவெளி அகன்று போயிருந்தது. அது நெருப்பைப் பற்றவைத்ததே ஆச்சரியம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறந்து விட்டிருந்தால் கீறல் இருக்காது. முயன்றிருக்கிறார், முடியவில்லை, மூடிவிட்டார். மூடிவிட்டு எட்டையும் மாற்றினேன் என்று என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அன்று அவர் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அந்த வெயிலிலும் அவர் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவேயில்லை. சாப்பிடச் சொன்னதற்கு வயிறு சரியில்லை என்றார். பொய் சொல்கிறவன் இப்படித்தான் இருப்பான் என்று என் மனம் சொல்லிக்கொண்டே போனது. கணவர் சொன்னபோது கோபப்பட்டவள், இப்போது அவரைவிட மோசமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதுவும் எனக்குத் தப்பாகவே பட்டது.

அண்ணி அவரை வாசலில் இறக்கிவிட்டு, கடைக்குப் போய் வருவதாகக் காருக்குள்ளிருந்தே கையாட்டிவிட்டுப் போனார். அண்ணன் கராஜுக்குள் வந்து திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தார். பிறகு ஸ்டூல்மேல் இருந்த பழைய பிளக்கைப் பார்த்தார்.

"எட்டும் மாத்தியாச்சுன்னு சொன்னீங்களேண்ணா."

"சொன்னேன்."

"இது பழசுங்ண்ணா. நீங்க டிரை பண்ணியிருக்கீங்க. கீறல் இருக்குது. தெரிஞ்சுதான் கொடுத்தீங்களா?"

அவர் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து என் முன்னால் நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன, மாத்திரையை விரலிடுக்கில் வைத்து உருட்டுவது போல. அவர் உருட்டவில்லை, அது தானாக உருண்டது.

"பார்க்கின்சன்ங்கறாங்க அம்மிணி. ஆரம்பந்தான்" என்றார். "நடுங்கறது கூடப் பரவால்ல. வெரலு சொன்னதைக் கேக்க மாட்டேங்குது. ஏழு மாத்தறதுக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சு. இதுக்குள்ள சாக்கெட்டை எறக்கவே முடியல. இடிச்சு இடிச்சு, எஞ்சின் ஹெட்டையே ஒடச்சிருவேன்னு பயந்து மூடிட்டேன்."

அப்போது அண்ணிக்குக்கூடத் தெரியாது என்றார். வண்டியைக் கடையில் விட்டால் ஏன் என்று கேட்பார் என்று விடவில்லை. பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயம் வந்து, அண்ணியிடம் சொல்லி, டாக்டரைப் பார்த்து, வண்டியை வீட்டிலிருந்து அகற்றினால் போதும் என்றாகிவிட்டது. எட்டையும் மாற்றினேன் என்றது ஏன் என்று நான் கேட்டேன். ஏழு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று உனக்குத் தெரியாதா என்றார்.

தேவைப்பட்டால் போட வாங்கி வைத்திருந்த புது பிளக்கை அந்தக் கடைசிக் குழியில் நான்தான் பூட்டினேன். அவர் கராஜ் கதவருகே போய் எனக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரை சரியாகப் பிடிக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது. சத்தம் போடாமல், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச்சை மாட்டி இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரு உதறல்கூட இல்லாமல் சீராக ஓடியது.

அண்ணி காரை நிறுத்தும் சத்தம் கேட்டதும் அண்ணன் கிட்டே வந்தார்.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லாத."

"அவரு நீங்க ஏமாத்திட்டீங்கன்னு நெனச்சுட்டு இருக்கறாருங்ண்ணா."

"நெனச்சுட்டுப் போகட்டும். எங்க ஆபீஸ்ல ஆளுங்களை வேலையை விட்டு அனுப்பிட்டு இருக்கறாங்க. இது ஒரு வாய்க்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

மதியம் கணவர் வந்து வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். என்ன கோளாறு என்றார். ஒரு பிளக் மட்டும் பழையது, அண்ணன் அதை மாற்ற மறந்துவிட்டாராம் என்றேன். மறந்துவிட்டாராம் என்று அந்தச் சொல்லை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அதன்பிறகு அண்ணன் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். கோயிலில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. அண்ணன் ஒன்றும் தெரியாதவர் போல அதை வாங்கிக்கொள்வார். இரண்டு பேருக்கும் நடுவே நின்று நான் பிரசாதத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ முறை சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

தீபாவளி கழிந்து அண்ணனே ஒருநாள் என் கணவரைத் தன் வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்கு நடக்க அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டார். ஆபீஸில் சொல்லியாகிவிட்டது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றாராம். அன்று என் கணவர் வீடு திரும்பியும் உடனே உள்ளே வரவில்லை. டிரைவ்வேயில் டிரக்குக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்ச் சாதம் வைத்தேன்.

உள்ளே வந்து கை கழுவிக்கொண்டே கேட்டார், "உனக்கு எப்பத் தெரியும்?"

"பிளக் மாத்தன அன்னைக்கே."

"அவரை நான் எப்படியெல்லாம் பேசினேன். கேட்டுட்டே இருந்தியே."

அண்ணன் சொல்லக்கூடாது என்றார் என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரமே அண்ணனை டாக்டரிடம் கூட்டிப் போகும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். அந்த டிரக்கில்தான் போகிறார்கள். திரும்பி வரும்போது இருவரும் எங்கோ நின்று காபி குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்வதில்லை.

ஆனால் நான் அண்ணனிடம் பேசிவிட்டுப் போனை வைத்தால் என்ன செய்தி என்று கேட்கிறார். ஒன்றுவிடாமல் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகும் இன்னும் ஏதாவது வருமோ என்று என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்.